ஏப்ரலில் வளவைக் கூட்டாதீர்கள்

ரொறன்ரோவில் ஏப்ரல் மாதத்து முதல் வெயில் சனிக்கிழமை விடிந்தால் போதும், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம்மவர் வீதிகள் இரைச்சலில் நிரம்பிவிடும். ஒரு வீட்டில் றேக் புல்லைப் பிறாண்டும். அடுத்த வீட்டில் புளோவர் உறுமும். மூலை வீட்டுக்காரர் காசு கொடுத்து ஆள் பிடித்திருப்பார். பின்னேரத்துக்குள் வீதியோரம் பழுப்பு நிறக் காகிதப் பைகள் வரிசை கட்டி நிற்கும். உள்ளே முந்திய ஒக்ரோபரில் விழுந்த மேப்பிள் இலை, காய்ந்த பூஞ்செடித் தண்டு, ஓக் சருகு. வளவோ மொட்டையடித்த தலையாகப் பளபளக்கும்.

வசந்தத்துக்கு வளவை ஆயத்தம் செய்வது என்று இதற்குப் பெயர். வீடு விற்கும் முகவர் இதைச் சொல்கிறார். தோட்டக் கடையின் விளம்பரத் தாள் சொல்கிறது. ஊரிலிருந்து வந்து மகன் வீட்டில் இருக்கும் அப்பா சருகைக் கண்டால் நித்திரை வராமல் தானே இறங்கிக் கூட்டுகிறார். எல்லோரும் ஒரே குரலில் சொல்வதாலேயே ஒன்று சரியாகிவிடாது. இந்த ஏப்ரல் துப்புரவு வளவை எதற்கும் ஆயத்தம் செய்வதில்லை. அந்த மண்ணுக்குச் சேரவேண்டிய எருவையும் அங்கே பிறக்க இருக்கும் உயிர்களையும் பையில் கட்டி வெளியே அனுப்புகிறது. போதாததற்கு, அந்தச் சனிக்கிழமையில் உண்மையாகவே செய்யவேண்டிய வேலைகளுக்கு நேரம் இல்லாமலும் பண்ணிவிடுகிறது.

“ஊரில நாங்கள் விடிய எழும்பி முற்றம் கூட்டின ஆக்கள்தானே” என்பார்கள். அப்படிச் சொல்பவர்களுக்கு ஊர் பாதிதான் நினைவிருக்கிறது. யாழ்ப்பாணத்து முற்றத்தை ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டியதற்குக் காரணம் இருந்தது. சருகுக்குள் பாம்போ தேளோ கிடந்தால் இருட்டில் தெரியாது. முற்றம் பிள்ளை தவழும் இடம், நெல் காயும் இடம், சாமம்வரை ஆட்கள் இருந்து கதைக்கும் இடம். அதைக் கூட்டினார்கள். வளவு முழுவதையுமா கூட்டினார்கள்? கூட்டி அள்ளிய சருகுதான் எங்கே போனது? வாழையடிக்குப் போனது, தென்னம்பாத்திக்குப் போனது. மிச்சத்தை மூலையில் குவித்துக் கொளுத்தியதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பையில் கட்டி வீதியில் வைத்து யாராவது வந்து கொண்டுபோகட்டும் என்று இருந்தவர் எவரும் இல்லை.

முற்றத்தைத் தாண்டித் தோட்டத்துக்குப் போனால் இந்த வாதம் இன்னும் மோசமாகத் தோற்கும். குடாநாட்டில் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் செம்மண்ணில் ஆண்டுக்காண்டு பயிர் எடுத்தவர்கள் குழை தாழ்த்தித்தான் எடுத்தார்கள். பூவரசிலும் கிளுவையிலும், பின்னாளில் சீமைக்கிளுவையிலும், கிளையோடு இலையை வெட்டி வந்து, சால் பிடித்து, அதற்குள் வரிசையாக இட்டு மண்ணால் மூடுவார்கள். வேலியிலும் கூரையிலும் கிடந்து உக்கிய பனையோலைகூட வீணாகவில்லை. அதுவும் புகையிலைத் தோட்டத்து மண்ணுக்குள் போனது. சொந்த வேலி போதாதவர்கள் குழையைக் காசு கொடுத்து வாங்கினார்கள். இலைக்கு விலை இருந்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். இங்கே வந்து அதே இலையைக் கண்டால் அருவருக்கிறோம்.

அந்தக் காகிதப் பைகள் போகும் இடத்தையும் சொல்லவேண்டும். மாநகரசபை அவற்றை எடுத்துப் போய் மக்க வைக்கிறது. மக்கியதில் ஒரு பங்கை வசந்தகாலத்தில் நகரத்து மக்களுக்கே இலவசமாகக் கொடுப்பதும் வழக்கம். நம்மவர் காரில் வாளியும் மண்வெட்டியும் ஏற்றிக்கொண்டு போய் வரிசையில் நின்று அள்ளி வருகிறார்கள். வரும் வழியில் தோட்டக் கடையில் நிறுத்தி ஆட்டெரு நாலு பை, சாயம் ஏற்றிய மரச்சிராய் ஆறு பை, பீட் கலந்த மண் இரண்டு பை. தன் மரம் தனக்குப் போட்ட எருவை இன்னொருவன் லொறியில் அனுப்பிவிட்டு, அதற்குப் பதிலாக இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்கி வரும் இந்தக் கணக்கை ஊர்க் கமக்காரன் ஒருவனிடம் சொன்னால் நம்பமாட்டான்.

எருக் கணக்கு இருக்கட்டும். அந்தப் பைக்குள் உயிரோடு போகிறவை பற்றி யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. பனிக்காலத்தில் பூச்சியெல்லாம் செத்துப்போய், வசந்தத்தில் எங்கிருந்தோ புதிதாக வருகின்றன என்ற எண்ணம் பலருக்கு. எங்கிருந்தும் வருவதில்லை. மொனார்க் வண்ணத்துப்பூச்சி போல மெக்சிகோவரை பறந்துபோகும் சில இனங்களை விட்டால், பெரும்பாலானவை உங்கள் வளவிலேயே ஏதோ ஒரு கோலத்தில் கிடக்கின்றன. வெளிர் பச்சை நிறத்தில் கையளவு இருக்கும் லூனா அந்துப்பூச்சி தன்னை ஓர் இலைக்குள் சுற்றிக்கொண்டு தரையில் சருகோடு சருகாகக் கிடக்கும். பார்த்தால் காய்ந்த இலைதான். மின்மினியின் புழு சருகிலும் அதன் கீழ் ஈர மண்ணிலும் வாழ்கிறது; நத்தையைத் தின்று வளர்கிறது. ஹொஸ்டா இலையெல்லாம் நத்தை ஓட்டை போட்டுவிட்டது என்று ஆடி மாதத்தில் அழுபவரும், ஏப்ரலில் சருகோடு மின்மினிப் புழுவைப் பையில் போட்டவரும் ஒருவர்தான். பம்பிள் தேனீக்களில் குளிர்காலத்தைத் தாண்டுவது ராணி மட்டுமே. மண்ணில் சிறு குழி தோண்டி, மேலே சருகுப் போர்வையோடு அவள் தனியே கிடக்கிறாள். அவளைக் கிண்டி எடுத்தால் போவது ஒரு தேனீ அல்ல, அந்த ஆண்டுக்குரிய கூடு முழுவதும்.

ரொறன்ரோ நகர எல்லைக்குள் 360-க்கும் அதிகமான தேனீ இனங்கள் பதிவாகியிருக்கின்றன. தேன் தரும் தேனீ அவற்றில் ஒன்றுதான், அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. மற்றவற்றில் பெரும்பகுதி மண்ணில் வளை தோண்டித் தனியாக வாழ்பவை. இன்னொரு பகுதி காய்ந்த தண்டின் சோற்றுக்குள் முட்டை இடுபவை. ஏப்ரலில் பூஞ்செடிகளின் பழந்தண்டை மண்மட்டத்துக்கு வெட்டிப் பையில் போடும்போது போவது இவற்றின் தொட்டில். ஏப்ரல் வெயிலில் புல்லுக்கிடையே குட்டிக் குட்டி மண்குவியல்கள் தோன்றுவதை எறும்பு என்று நினைத்துச் சுடுதண்ணீர் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது கொலெட்டெஸ் என்ற மண்தேனீ. பனி விலகியதும் முதலில் எழும்புவனவற்றில் ஒன்று, சில வாரத்தில் தன் வேலை முடித்துப் போய்விடும், கொட்டுவது அபூர்வம்.

குருவிகள் வேண்டும் என்று விதைக்கூடு வாங்கித் தொங்கவிடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாளர் டக்ளஸ் டலமி, ஒரு சோடி சிக்கடிக் குருவி தன் ஓர் ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்தெடுக்க 6,000 முதல் 9,000 வரை புழுக்கள் தேவைப்படுகின்றன என்கிறார். குஞ்சுக்கு விதை இறங்காது, புழுதான் வேண்டும். அந்தப் புழுக்களில் பல, ஓக் மரத்தில் தின்று கொழுத்து, கீழே விழுந்து, மரத்தடிச் சருகில் கூட்டுப்புழுவாகி, அடுத்த ஆண்டு அந்துப்பூச்சியாக எழும்பி அதே மரத்தில் முட்டை இடுபவை. மரத்தடியைக் கூட்டித் துடைத்துவிட்டு, மேலே விதைக்கூட்டைத் தொங்கவிட்டு என்ன பயன்?

எதிர்த் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. இலை மூடினால் புல் சாகும். உண்மை. ஈர மேப்பிள் இலை தட்டையாக ஒட்டிப் பாய்போல் கிடந்தால் அடியில் புல் மூச்சுத் திணறும், பனிப்பூஞ்சணமும் பிடிக்கும். ஆனால் அதற்கு மருந்து இலையை நாடுகடத்துவதா? புல்வெட்டியை அதன் மேல் இரண்டு தரம் ஓட்டி நொறுக்கிவிட்டால் துண்டுகள் புல்லிடையே இறங்கி உக்கிவிடும். மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்துப் புல்தரை ஆய்வாளர்கள் இப்படி நொறுக்கிய இலையைப் பல பருவம் புல்லில் விட்டுப் பார்த்தார்கள். புல் கெடவில்லை. இதைச் செய்ய நேரம் இலையுதிர்காலம்தான். நொறுக்கும்போது இலையிலுள்ள பூச்சியும் நொறுங்கும் என்பதால், புல் மேல் விழுந்ததை மட்டும் நொறுக்கி, மரத்தடியிலும் பூப்பாத்தியிலும் கிடப்பதை முழுதாக விட்டுவிடவேண்டும். புல்லிலிருந்து வாரித்தான் ஆகவேண்டும் என்றால் பாத்திக்கு வாருங்கள். வீதிக்கு எதற்கு?

புல்லைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஏப்ரலில் அதன் மேல் நடப்பதையே நிறுத்தவேண்டும். ஸ்காபரோவின் பல பகுதிகளில் களிமண். பனி உருகி நீர் ஊறிக் கிடக்கும் களியில் ஆளும் இயந்திரமும் ஏறி மிதித்தால் மண் இறுகும். இறுகிய மண்ணைத் தளர்த்த ஆண்டுகள் பிடிக்கும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாகவே நின்றால் வீட்டுக்குள் போய்த் தேத்தண்ணி குடிக்கலாம். இன்னொன்று, ஏப்ரலில் அள்ளி இறைக்கும் உரம். இங்கே வீட்டு வளவில் இருப்பது பெரும்பாலும் கென்டக்கி புளூகிராஸ், பெயர்தான் கென்டக்கி, வந்தது ஐரோப்பாவிலிருந்து. குளிர்ந்த பருவத்தில் செழிக்கும் புல்லினம். வசந்தத் தொடக்கத்தில் நைதரசனைக் கொட்டினால் வேரை விட்டுவிட்டு இலையை மட்டும் கொழுக்க வைக்கும். கோடை வரட்சியில் அந்தப் புல்தான் முதலில் மஞ்சளாகும். வருடத்தில் ஒருதரம்தான் உரம் போடுவேன் என்பவருக்கு உகந்த காலம் செப்ரெம்பர்.

டன்டிலயன் பயம் தனிக்கதை. எங்கள் வீதியில் டன்டிலயன் பூத்த வீட்டுக்காரரைக் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவர் போலப் பார்ப்பார்கள். புல் மட்டுமே இருக்கும் தரைதான் இயற்கையான தரை என்பது அண்மைக்காலத்து எண்ணம். எட்வின் படிங் என்ற ஆங்கிலேயர் 1830-ல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெறும்வரை இப்படிக் கட்டையாக வெட்டிய புல்தரை பிரபுக்களின் சொத்து. இருபதாம் நூற்றாண்டின் முன்பாதியில் கடையில் விற்ற புல்விதைக் கலவையில் வெள்ளைக் குளோவரும் சேர்ந்தே இருந்தது. 1940-களின் நடுவில் 2,4-டி என்ற களைகொல்லி சந்தைக்கு வந்தது. அகன்ற இலைச் செடி எதையும் அது கொன்றது, குளோவரையும் சேர்த்து. மருந்தை விற்பதற்காகக் குளோவர் களையாக்கப்பட்டது. காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்து வேரில் சேர்க்கும் செடியைக் கொன்றுவிட்டு, நைதரசன் பை வாங்கும்படி அதே கடைகள் நமக்குச் சொல்லித்தந்தன. இந்த நஞ்சுகளுக்கு எதிராக முதலில் எழுந்தது கியூபெக்கின் ஹட்சன் என்ற சிற்றூர். 1991-ல் அது போட்ட தடை செல்லும் என்று 2001-ல் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஒன்ராறியோ 2009 ஏப்ரல் 22 முதல் அழகுக்காகப் பூச்சி, களை கொல்லிகள் தெளிப்பதையே தடைசெய்துவிட்டது. சட்டம் மாறியது, அந்த மருந்து உண்டாக்கிய அழகுணர்ச்சி மாறவில்லை.

கத்தரிக்கோலோடு வளவைச் சுற்றுபவர்களுக்கும் ஒரு சொல். லைலாக், ஃபோர்சித்தியா, பெரிய இலை ஹைட்ரேஞ்சா ஆகியவை முந்திய ஆண்டே மொட்டுக் கட்டிவிடுபவை. ஏப்ரலில் அவற்றை உருண்டையாக வெட்டி அழகுபடுத்தினால் அந்த ஆண்டுப் பூவை வெட்டியதாகிறது. பிறகு மே மாதத்தில் “அண்ணை, எங்கட லைலாக் ஏன் மூண்டு வருசமாப் பூக்கேல்ல?” என்று கேட்பார்கள். பூத்து முடிந்த கையோடு வெட்டவேண்டும், அவ்வளவுதான். தொட்டிலாகும் தண்டுகளையோ முழங்கால் உயரம் விட்டு வெட்டினால் போதும். புதுத் தளிர் எழும்பி ஒரு மாதத்தில் அந்தக் கட்டைகளை மறைத்துவிடும்.

உண்ணி வராதா என்பது நியாயமான கேள்வி. லைம் நோய் பரப்பும் கருங்கால் உண்ணி ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் நிலைபெற்றுவிட்டது. அந்தக் காட்டை ஒட்டிய வளவுக்காரர் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் வேலியோரத்திலும் சருகை விலக்கத்தான் வேண்டும். காட்டுக்கும் புல்லுக்கும் இடையில் சரளைக் கல்லாலோ மரச்சிராயாலோ ஓர் உலர்ந்த பட்டை போடவேண்டும். நோய் பிடித்த தக்காளிக் கொடி, கரும்புள்ளி விழுந்த ரோசா இலை, பொருக்கு நோய் கண்ட அப்பிள் இலை ஆகியவற்றையும் வெளியேற்றுவது சரி. மேப்பிள் இலையில் தார் தெளித்ததுபோல் வரும் கறுப்புப் புள்ளியால் மரத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை, அதை விடலாம். இவையெல்லாம் விதிவிலக்குகள். விதிவிலக்கைக் காட்டி நகரம் முழுவதையும் கூட்டச் சொல்வது வாதமாகாது.

மறுபக்கத்தில் எதையுமே செய்யாதே என்ற கட்சி கிளம்பியிருக்கிறது. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மே மாதம் முழுவதும் புல் வெட்டாதே என்ற இயக்கத்தைப் பிரித்தானியாவில் பிளான்ட்லைஃப் என்ற அமைப்பு தொடங்கியது. அமெரிக்காவில் விஸ்கொன்சினின் அப்பிள்ரன் நகரம் 2020-ல் அதைப் பின்பற்ற, அங்கே தேனீ பெருகியது என்று ஓர் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. அந்தக் கட்டுரை 2022-ல் திரும்பப் பெறப்பட்டது. டன்டிலயன் மகரந்தத்தில் புரதச் சத்தும் குறைவு. ஒரு மாதம் டன்டிலயனைப் பூக்கவிட்டு ஜூன் முதலாந் திகதி வழித்தெடுப்பதைவிட, வளவின் ஒரு மூலையில் மில்க்வீட்டும் அஸ்டரும் நிரந்தரமாக வைப்பது பலமடங்கு மேல். மில்க்வீட் நம்மூர் எருக்கலையின் உறவுக்காரி, பால் வடிவதைப் பார்த்தாலே தெரியும். ஒன்ராறியோ அதைத் தீங்கான களைகளின் பட்டியலிலிருந்து 2014-ல் எடுத்துவிட்டது. பத்துப் பாகை வெப்பம் சில நாள் நின்றதும் கூட்டலாம் என்ற சூத்திரத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. கொலெட்டெஸ் ஏப்ரலில் எழும்பும், வேறு சில ஜூன்வரை உறங்கும். எல்லாம் எழும்பிவிட்டன என்று சொல்ல ஒரு நாள் கிடையாது. எனவே நாள் பார்த்துக் கூட்டுவதைவிட, சருகுக்கென்று வளவில் நிரந்தரமாக ஓர் இடம் ஒதுக்குவதே நேர்மையான வழி.

மாநகரசபை தண்டம் விதிக்கும் என்கிறார்கள். ரொறன்ரோவின் விதி புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடாது என்கிறது, அது புல்லுக்கு. மரத்தடிச் சருகும் நட்டு வளர்த்த பூஞ்செடியும் அதற்குள் வருவதில்லை. காட்டுச் செடி வளர்த்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ரொறன்ரோப் பெண்ணொருவர் நீதிமன்றம் போய், தன் தோட்டமும் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று 1996-ல் தீர்ப்பும் வாங்கியிருக்கிறார். ஆக, பயம் சட்டத்துக்கல்ல. பயம் அயலவர் முகத்துக்கு. “அவையின்ர வளவு காடு மாதிரி” என்று கலியாண வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சத்துக்கு. அதற்கும் செலவில்லாத வழி உண்டு. நடைபாதை ஓரம் ஒரு முழ அகலப் புல்லை ஒழுங்காக வெட்டி, பாத்தியின் விளிம்பைக் கூராக எடுத்துவிடுங்கள். விளிம்பு நேராக இருந்தால் உள்ளே இருப்பது வேண்டுமென்றே வைத்தது என்று பார்ப்பவர் புரிந்துகொள்வார். இந்தக் கூச்சம் தாங்காமல் வளவு முழுவதும் இன்ரலொக் கல் பதித்தவர்களுக்கு மட்டும் என்னிடம் பதிலில்லை. 2013 ஜூலை 8-ந் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. இனி அப்படி ஒரு மழை வந்தால் அந்தக் கல்லின் மேல் விழும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அவர்களே யோசிக்கட்டும்.

சரி, அந்தச் சனிக்கிழமையில் என்னதான் செய்வது? ஏணி வைத்துக் கூரைப் பீலியை வழியுங்கள், அங்கே அடைத்த இலைதான் உண்மையில் எடுக்கவேண்டிய இலை. பீலிக் குழாயின் வாய் சுவரடியில் கொட்டாமல் தள்ளி விழுகிறதா என்று பாருங்கள். குளிரில் உறைந்து உருகிய மண் சுவரோரம் தாழ்ந்திருக்கும்; வெளிப்பக்கம் சாயும்படி மண் போட்டு உயர்த்துங்கள். பேஸ்மென்ற்றில் வாடகைக்கு ஆள் வைத்திருப்பவர் இதைச் செய்யாமல் புல்லைப் பிறாண்டுவது எனக்கு விளங்கவே இல்லை. உப்புப் பட்ட வீதியோரப் புல்லுக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். கார்லிக் மஸ்டர்ட் பச்சையாகத் தலைகாட்டும் காலம் இது. பூக்கமுன் வேரோடு பிடுங்கவேண்டும். ரூஜ் பக்கத்துக்காரருக்கு டோக் ஸ்ட்ராங்லிங் வைன் இருக்கிறது. மொனார்க் அதை மில்க்வீட் என்று ஏமாந்து முட்டை இடும், பொரிக்கும் புழு சாகும். அதன் வேர் அடியைத் தோண்டித்தான் எடுக்கவேண்டும்.

மரக்கறிப் பாத்தியில் அவசரம் வேண்டாம். கறிவேப்பிலைச் சாடியையும் மிளகாய்க் கன்றையும் விக்டோரியா தினத்துக்குமுன் வெளியே எடுத்து உறைபனிக்குக் கொடுத்தவர்கள் நம்மிடையே ஏராளம். அதுவரை பாத்தியின் மேல் இலை கிடக்கட்டும். கத்தரி, வெண்டி, பாகலுக்குச் சூடான மண் வேண்டும் என்பதால் நடுவதற்கு இரண்டு வாரம் முன்பு அந்த இலையை ஒரு பக்கம் ஒதுக்கி வெயில் பட விடுங்கள். கன்று பிடித்து, ஜூன் கடைசியில் மண் சூடேறியதும் அதே இலையைத் தண்டில் முட்டாமல் கன்றடியில் நான்கு விரல் கனத்துக்கு இழுத்துவிட்டால் ஈரம் நிற்கும். ஓகஸ்ட் வெயிலில் நாளுக்கு இரண்டு தரம் குழாய் பிடிக்கத் தேவையிருக்காது.